மச்சானைச் சொருகிய கணினி

எங்கள் வீட்டுக்கு இணையம் வருவது மதிலுக்கு மேலால். மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான். கச்சேரி என்கிற மாவட்ட அரச அலுவலகத்தில், காணிப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கனடாவில் இருக்கும் பிள்ளைகள் முகம் பார்த்துக் கதைப்பதற்கென்று அவருக்கு ஓர் இணைப்பு எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவருடைய மனைவி பேரப்பிள்ளையைப் பார்க்கக் கனடாவுக்குப் புறப்படுமுன், கறிவேப்பிலை கேட்கிற சாட்டில் எங்கள் வாசல் படலைக்கு வந்து, கடவுச்சொல்லை என் மனைவியின் காதுக்குள் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மனைவியின் கைபேசி மச்சான் வீட்டு வைஃபையில்தான் ஓடுகிறது. மச்சானுக்கு இது தெரியும். தெரியாததுபோல இருப்பார். அவருக்குத் தெரியாது என்று நாங்கள் நம்புவதுபோல இருப்போம்.

இந்த நாடகத்துக்குக் காரணம் அந்த மதில்தான். முன்பு அது கிடுகு வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குப் பொட்டு ஒன்று இருந்தது. அண்ணனும் தங்கையும் அதற்குள்ளால் கறிக்கோப்பை மாற்றிக்கொண்டு ஒற்றுமையாக இருந்தார்கள். வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டியபோது, அது ஒரு சாண் எங்கள் பக்கம் வந்துவிட்டது என்பது மனைவியின் கட்சி. அதுவும் அவளுடைய சீதனக் காணியில். தன் பக்கம்தான் ஒரு சாண் போய்விட்டது என்பது மச்சானின் கட்சி. ஒரே மதில் எப்படி இரண்டு பக்கமும் நகர முடியும் என்று நான் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் உரும்பிராயில் அப்படிக் கேட்கிறவனை இரண்டு கட்சியும் சேர்த்துக்கொள்வதில்லை. பொட்டு மதிலுக்குள் போய்விட்டது. கோயிலிலோ செத்தவீட்டிலோ கண்டால் ஒரு தலையாட்டல். அதோடு சரி.

மனைவி வயலின் ஆசிரியை. பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். கணக்கு ரியூசனும் விஞ்ஞான ரியூசனும் பின்னேரங்களைப் பங்குபோட்டு எடுத்துக்கொள்ள, வயலினுக்கு மிஞ்சியது ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரம் மட்டும். கடைசி மாணவியும் சாதாரண தரப் பரீட்சை வருகிறது என்று நின்றுவிட, வயலின் பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது. அதன் பிறகு அலுமாரியின் மேற்பக்கத்தை மனைவி தூசு தட்டுவதே இல்லை. கேட்டால் ஏற முடியாது, முழங்கால் நோகுது என்பாள்.

அப்படி இருக்கையில் டென்மார்க்கிலிருந்து அவளுடைய பள்ளித்தோழி ரெலிபோன் எடுத்தாள். அங்கே ஒரு தாய் தன் மகளுக்கு வயலின் ஆசிரியை தேடுகிறாளாம். பிள்ளைக்கு எட்டு வயது. ஓர் இடத்தில் நிற்காது. இணையத்தில் சொல்லிக்கொடுக்க வந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைவிட்டுவிட்டார்கள். சனிக்கிழமை பின்னேரம் ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கலாம். சரிவந்தால் இந்தப் பிள்ளை மட்டுமல்ல, இதன் முடிவைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேறு பிள்ளைகளும் வரும். மனைவி கைபேசியை வைத்தாள். ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறிப் பெட்டியை இறக்கினாள். முழங்காலைப் பற்றிய கதையே இல்லை. அன்று இரவு புதுத் தந்தி பூட்டி, வில்லுக்குக் குங்கிலியம் தேய்த்து, எனக்குக் கேட்காது என்ற நினைப்பில் சமைக்கிற குசினியின் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தாள்.

சிக்கல் திரையில் வந்தது. அவளுடைய கைபேசித் திரை ஏற்கெனவே வெடிப்பு விழுந்தது. வெடிப்பு மூலைக்கு மூலை ஓடி, மாணவியின் இடதுகை விரல்கள் தெரியவேண்டிய இடத்தைச் சரியாகக் கடந்துபோகிறது. ஒத்திகைக்குத் தோழியே கூட்டுகிற தும்புத்தடி ஒன்றை வயலின்போலப் பிடித்துக் காட்டினாள். "விரல் எங்கை நிக்குதெண்டு தெரியாமல் நான் என்னத்தைத் திருத்துறது?" என்று மனைவி என்னிடம் கேட்டாள். அதோடு அந்தக் கைபேசியின் சார்ஜ் குத்துகிற வாயும் ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு பக்கம் சரித்து, அடியில் நெருப்புப்பெட்டி கொடுத்து வைத்தால்தான் ஏறும்.

ஆகவே பெரிய திரை வேண்டும். வீட்டில் ஒரு பெரிய திரை இருக்கிறது. என்னுடைய மேசைக் கணினி. இதைச் சொன்னது நான்தான். அந்த நேரத்தில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்தக் கணினியில் நான் தட்டச்சுச் செய்வதைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. கட்டுரை முடிந்ததும் பென் டிரைவில் ஏற்றி, சைக்கிளில் பத்திரிகைக் காரியாலயத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். மின்னஞ்சலில் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம்தான் என்பேன். இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது. என் கைபேசியும் பொத்தான் அமுக்குகிற பழைய வகை. புத்தகங்களை நிறைய வாசித்த காரணத்தால், வேண்டும்போது மற்றதையும் வாசித்து விளங்கிக்கொள்வேன் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

முதலில் கணினியை வைஃபையில் இணைக்கப் பார்த்தேன். வைஃபை என்ற சொல்லே அதில் எங்கும் இல்லை. மச்சான் வீட்டு அலை அறைக்குள் வந்து சேரும்போது களைத்துவிடுகிறது என்று முடிவு செய்தேன். கணினியைக் கழற்றி, பெட்டி வேறு திரை வேறாகத் தூக்கி, குசினிக்குப் பின்னால் மதிலோரம் இருக்கிற உடுப்புத் தோய்க்கிற கல்லில் வைத்து, குசினியிலிருந்து மின்சாரம் இழுத்தேன். அப்போதும் இல்லை. மனைவியின் கைபேசியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அதில் எல்லாக் கோடும் நிரம்பி நின்றது. பார்த்துப் பழகட்டும் என்று இரண்டையும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். காகம் ஒன்று வந்து திரையில் தன்னைப் பார்த்துக் கொத்தியதுதான் மிச்சம்.

கணினி வாங்கிய கடைக்கு ரெலிபோன் எடுத்தேன். யாழ்ப்பாணம் ரவுணில் இருக்கிற கடை. கடைக்கார அம்மா நிதானமாகச் சொன்னார்: உங்களுடைய கணினியில் வயர்லெஸ் கார்ட் இல்லை, அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது வைஃபையைக் காணாது. கார்ட் என்றதும் எனக்கு அடையாள அட்டை அளவில் ஏதோ ஒன்று மனதில் வந்தது. வாங்கும்போது ஏன் தரவில்லை என்று கேட்டேன். நீங்கள் தட்டச்சுச் செய்யத்தான் என்று சொன்னீர்கள் என்றார். அது உண்மை. இப்போது என்ன செய்யலாம் என்று கேட்க, இரண்டு வழி சொன்னார். இணையப் பெட்டியிலிருந்து நேரே ஒரு வயர் இழுக்கலாம், இல்லாவிட்டால் சின்னக் குச்சி ஒன்று விற்கிறது, அதை வாங்கிச் செருகலாம்.

வயர் எனக்கு விளங்கிய பொருள். ஒரு முனை இங்கே, மறுமுனை அங்கே. நடுவில் மர்மம் இல்லை. மச்சானிடம் கேட்பதைப் பிறகு பார்ப்போம், முதலில் எவ்வளவு நீளம் வேண்டும் என்று தெரிந்துகொள்வோம் என்று தையல் பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு மதிலடிக்குப் போனேன்.

அங்கே நான் செய்தது எப்பேர்ப்பட்ட காரியம் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். யாழ்ப்பாணத்தில் ஒருவன் பொதுமதிலோரம் கத்தியோடு நின்றால், முருங்கைக்காய் வெட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அளவு நாடாவோடு நிற்கக் கூடாது.

மதிலுக்கு மேலே மச்சானின் தலை வந்தது. எதிலோ ஏறி நிற்கிறார்.

"என்ன அளக்கிறீர்?"

"வயருக்கு, மச்சான்."

"வயருக்கு," என்றார் அவர். நம்பவில்லை என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்ல எனக்கு ஒருநாளும் வராது. "கொஞ்சம் நில்லும்."

தலை மறைந்தது. திரும்பி வந்தபோது கையில் கச்சேரிக் காலத்து இரும்பு நாடா இருந்தது. அளக்கிறதென்றால் இரண்டு பக்கத்தாலும் அளப்போம் என்று எல்லைக்கல்லிலிருந்து தொடங்கினார். ஒரு முனையை என்னிடம் தந்தார், நானும் பிடித்தேன். எதற்குப் பிடிக்கிறேன் என்பது மத்தியானம் பாதி போகும்வரை எனக்குத் தெளிவாக இல்லை. அவருக்கு வேண்டியது காணியின் அகலம், எனக்கு வேண்டியது வயரின் நீளம். கடைசியில் இருவரிடமும் ஓர் எண் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. அதனால் இருவருமே அவரவர் பக்கம் நிரூபணமாகிவிட்டது என்று நினைத்தோம்.

பிறகுதான் வயர் எதற்கென்று விளக்கமாகச் சொன்னேன். மச்சான் தன் தீர்ப்பைச் சொன்னார்.

"இண்டைக்கு வயர். நாளைக்கு அந்த வயரைத் தாங்க ஒரு கம்பு. நாளண்டைக்கு அந்தக் கம்பைப் பார்க்க வந்துபோக ஒரு பாதை. பத்து வருசம் போனால் பாதை உங்கடை. உது மாதிரி எத்தினை வழக்குப் பாத்தனான் நான்."

"அப்ப வைஃபை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், இதைப் பற்றி இருவரும் தெரியாததுபோல இருக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது.

அவர் கொஞ்சம் யோசித்தார். "காத்திலை வாறதுக்குக் காணிச் சட்டத்திலை ஒண்டுமில்லை," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மனைவி இதை எல்லாம் குசினி யன்னலால் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். உங்களை யார் நாடாவோடு அங்கே போகச் சொன்னது, இனி அண்ணன் நிலஅளவையாளரைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார் என்றாள். அன்று மாலை வயலின் சத்தம் கேட்கவில்லை. நான் போய்க் குசினிக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். திறந்துதான் கிடந்தது.

அடுத்தநாள் ரவுணுக்குப் போய்க் குச்சியை வாங்கினேன். பெருவிரல் நுனியளவு கறுப்புப் பொருள். கணினியில் செருகினேன். உன்னை எனக்கு யாரென்று தெரியாது என்றது கணினி. கூட வந்த தாளைப் படித்தேன். குச்சியைக் கணினிக்கு அறிமுகம் செய்ய ஒரு மென்பொருள் வேண்டும், அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது. இணையத்துக்குப் போக உதவுகிற பொருளுக்கு முதலில் இணையத்துக்குப் போய்வர வேண்டும். நான் வாசித்த தத்துவ நூல்களிலும் இப்படியான இடங்கள் வரும். அங்கே ஆசிரியர்கள் அத்தியாயத்தை முடித்துவிடுவார்கள். எனக்குச் சனிக்கிழமை இருந்தது.

திரும்பவும் கடை. கடைக்கார அம்மா மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றித் தந்தார். கொண்டுவந்து போட்டால், தனக்கு வயதாகிவிட்டது, இது தன் தலைமுறைக்குரிய மென்பொருள் அல்ல என்ற பொருளில் கணினி ஒரு செய்தி காட்டியது. முதல் தடவையாக எனக்கு அதன்மேல் ஓர் அனுதாபம் வந்தது. மறுபடியும் கடைக்குப் போனேன். அம்மா குச்சியைத் திருப்பி எடுத்துக்கொண்டு, தலையைச் சொறிந்து, ஒரு வெள்ளை வயரை மேசையில் வைத்தார். நல்ல கைபேசி ஒன்றில் வைஃபையைப் போட்டு, அந்தக் கைபேசியை இந்த வயரால் கணினியில் குத்த வேண்டுமாம்.

"போன் பிடிக்கும், கொம்பியூட்டர் வாங்கும். அவ்வளவுதான் ஐயா."

"வயர் இல்லாமல் எடுக்கத்தானே இவ்வளவு பாடுபட்டது?"

"உந்த வயர் ஒரு முழம்கூட இல்லை. ஒருத்தற்றை காணிக்குள்ளையும் போகாது," என்றார். காணிக் கதையை நான் அவரிடம் எப்போது சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தோம். என் கைபேசி வைஃபை அறியாதது. மனைவியின் கைபேசிக்கு வாய் சரியில்லை. சார்ஜ் ஏறவே நெருப்புப்பெட்டி கேட்பது, ஒரு வகுப்பை எப்படித் தாங்கும்? புதிதாக ஒன்று வாங்குவது இப்போதைக்கு நினைக்கிற காரியமில்லை. சொந்த இணைப்புக்கு எப்போதோ விண்ணப்பித்திருக்கிறோம், ரெலிபோன் கம்பத்துப் பெட்டியில் இடம் வரட்டும் என்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் நல்ல கைபேசி வைத்திருப்பவர் மச்சான் ஒருவர்தான். மனைவி எழுந்து முகம் கழுவி, தலை இழுத்துச் சீவி, சேலை மாற்றிக்கொண்டு வெளியே போனாள். மதில் வந்த பிறகு அந்த வீட்டுக்குப் போக வெளியே ஒழுங்கைப் பாதையால் சுற்ற வேண்டும். நானும் பின்னாலே போய்ப் படலையடியில் நின்றேன்.

மச்சான் விறாந்தையில் இருந்தார். மனைவி படியில் ஏறவில்லை.

"அண்ணை, நாளைக்கு எனக்கு ஒரு வகுப்பு இருக்கு. இது சரிவராட்டி நான் வயலினைத் திருப்பி மேலை வைச்சிடுவன். பேந்து இறக்கமாட்டன். உங்கடை போன் எனக்கு ஒரு மணித்தியாலம் வேணும்."

மச்சான் கைபேசியைப் பார்த்தார். "போனைத் தரேலாது. சனிக்கிழமையிலைதான் பிள்ளையள் எடுக்கிறவை."

மனைவி படலையை நோக்கித் திரும்பினாள்.

"போனைத் தரேலாது எண்டுதான் சொன்னனான்," என்றார் பின்னாலிருந்து. "நான் கொண்டு வாறன்."

சொன்னபடி வந்தார். இஸ்திரி போட்டு மினுக்கிய சேட்டும் சால்வையுமாக, கோயிலுக்கு அர்ச்சனைத் தட்டுக் கொண்டுபோவதுபோலக் கைபேசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஒழுங்கையால் வந்தார். லண்டனிலிருந்து வந்த பார்சல் ஒன்றில் கிடைத்து இதுவரை பிரிக்காமல் இருந்த கமெராவைத் திரைக்கு மேல் பூட்டி வைத்திருந்தேன். வெள்ளை வயரின் ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைக் கைபேசியிலும் குத்தினேன். கைபேசியை மேசையில் வைக்கச் சொன்னேன். வைக்கமாட்டேன் என்றார். வயர் கட்டையாக இருந்தபடியால் அவரையும் கதிரையோடு இழுத்து மேசைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியதாயிற்று.

கைபேசியில் எதை அமுக்குவது என்று தெரியவில்லை. தொட எனக்கு அனுமதி இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை வாசிப்பார், நான் இதுவாக இருக்கலாம் என்பேன், அவர் அமுக்குவார். ஒருமுறை கைபேசி எங்கள் முழங்கால்களைப் படம் பிடித்தது. ஒருமுறை அடுத்த நாளுக்கு அலாரம் வைத்தது. பிறகு எதையோ அமுக்கினார், கணினி இணையத்துக்குள் போய்விட்டது. எதை அமுக்கினீர்கள் என்று கேட்டேன். நீர் சொன்னதைத்தான் என்றார். திரையின் ஓரத்தில் வைஃபை அடையாளத்தைத் தேடினேன், காணவில்லை. கணினி வயரால் இணைக்கப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தது. எந்த வயர், எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். மச்சானிடம் போய் முடிந்தது.

வகுப்பு தொடங்கியது. திரை நிறைய டென்மார்க் வீட்டு வரவேற்பறை. பிள்ளை சோபாவில் நின்று துள்ளிக்கொண்டிருந்தது. வில்லை வாள்போலச் சுழற்றியது. மனைவி வணக்கம் சொன்னாள், பெயர் கேட்டாள், வயலினை எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். பிள்ளை உங்கள் வீட்டில் பாம்பு வருமா என்று கேட்டுவிட்டுத் திரைக்கு வெளியே ஓடிப்போனது. தாயின் கை ஒன்று அதைத் திரும்பத் திரைக்குள் தள்ளியது. மறுபடியும் ஓடியது. மனைவியின் குரல் மெல்லத் தணிந்துகொண்டு வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் உயரும். தணிந்தால் அவள் ஒரு காரியத்தை விடப் போகிறாள் என்று அர்த்தம்.

"இரு," என்றார் மச்சான்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. கச்சேரியில் வரிசையைக் குழப்புகிறவர்களுக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார். பிள்ளை நின்றது. திரைக்குக் கிட்ட வந்து, மனைவிக்கு வலப்புறம் இருந்த ஏதோ ஒன்றை உற்றுப் பார்த்தது. பிறகு சோபாவில் அடங்கி இருந்தது. மச்சானுக்கு இது விளங்கவில்லை. கமெரா தங்கையை மட்டும்தான் காட்டுகிறது, தொலைக்காட்சியைப்போல தான் அவர்களைப் பார்க்கலாம், தன்னை அவர்கள் பார்க்க முடியாது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். புருவத்தை நெரித்தபடி பிள்ளையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

மனைவி வயலினைத் தோளில் எடுத்தாள். சரளி வரிசை. பிள்ளை ஒரு சுரம் வாசிக்கும், மச்சானைப் பார்க்கும், அடுத்த சுரம் வாசிக்கும். கொஞ்ச நேரத்தில் மச்சானின் கை தன்னை அறியாமல் முழங்காலில் ஆதி தாளம் போடத் தொடங்கியது.

"அண்ணை, ஓடுறியள்," என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

கை மெதுவாகியது.

"மூண்டாம் விரலைக் கொஞ்சம் மேலை வையுங்கோ பிள்ளை. இன்னும் கொஞ்சம். ஓம், அங்கை."

அந்த நேரத்தில் மச்சானின் கைக்குள் கைபேசி அதிர்ந்தது. கனடா. மகனுடைய படம் வந்து நின்றது. மச்சான் அதைப் பார்த்தார். திரையில் பிள்ளையின் மூன்றாம் விரல் சரியான இடத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் சிவப்புப் பொத்தானை அமுக்கினார். மறுபடியும் அதிர்ந்தது. மறுபடியும் அமுக்கினார்.

வகுப்பு முடிந்ததும் தாய் திரைக்கு வந்தாள். தன் மகள் இவ்வளவு நேரம் ஓர் இடத்தில் இருந்ததை முன்பு பார்த்ததில்லை என்றாள். மனைவி ஏதோ சொல்ல வாயெடுக்க, தாய் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரீச்சர், பக்கத்திலை இருக்கிற ஐயா ஒவ்வொரு கிழமையும் இருப்பாரோ? மற்ற ரீச்சர்மாரிட்டை அப்பிடி ஒருத்தரும் இருக்கேல்லை. அவர் இருப்பாரெண்டா நாங்கள் அடுத்த கிழமையே தொடங்கிறம். மற்றப் பிள்ளையளின்ரை தாய்மாருக்கும் சொல்லுறன்."

பக்கத்தில் யார் ஐயா என்று மச்சான் திரும்பிப் பார்த்தார். அங்கே சுவர்தான் இருந்தது. அவர் முகத்தில் மெல்ல வெளிச்சம் ஏறியதையும், உடனே சால்வையை இழுத்துச் சரிசெய்ததையும் டென்மார்க் முழுவதும் பார்த்திருக்கும். மனைவி என்னைப் பார்த்தாள். நான் வயரைப் பார்த்தேன். கதிரையில் ஒருவர் இருந்ததற்குக் காரணம் கைபேசி, கைபேசிக்குக் காரணம் கார்ட் இல்லாதது. கார்ட் இருந்திருந்தால் இந்த வகுப்பு என்னவாகியிருக்கும் என்று யோசிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன்.

"அண்ணையைக் கேட்டுச் சொல்லுறன்," என்றாள் மனைவி, அண்ணன் முழங்கை தூரத்தில் இருக்க.

மச்சான் தொண்டையைச் செருமினார். பதில் தங்கைக்கா, எனக்கா, டென்மார்க்குக்கா என்று ஒரு கணம் தடுமாறி, கமெராவைப் பார்த்துச் சொன்னார்.

"சனிக்கிழமையிலை எனக்கு நேரம் இருக்கு. ஆனால் பிள்ளை நகம் வெட்டிப்போட்டு வரவேணும்."

"ஓம் ஐயா," என்றாள் தாய்.

வயரைக் கழற்றினேன். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். இருவரும் பிள்ளையின் மூன்றாம் விரலைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கு இடமில்லாத கதை. குடித்து முடித்துப் படலையால் வெளியே போகும்போதே மச்சான் மகனுக்குப் போன் எடுத்தார். எங்கே போயிருந்தீர்கள், ஏன் அழைப்பை வெட்டினீர்கள் என்று கனடா பதறியிருக்க வேண்டும்.

"ஒண்டுமில்லையடா," என்று ஒழுங்கையால் நடந்துகொண்டே சொன்னார். "வேலையா இருந்தனான்."